வென்ட்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த காலையில் எங்கள் பேனலின் கதவு பூரி போல உப்பியிருந்தது. கதவின் நடுவிலிருந்த கண்ணாடியின் மேல்பரப்பில் குறுக்காக ஒரு விரிசல். அம்பத்தூர் எஸ்டேட்டில் தின்னர் கலக்கும் ஒரு தொழிற்சாலை அது, எண்பதுகளின் கடைசி. நான் அங்கே இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பேனல் என்பது ஒரு இரும்புப் பெட்டி; அதற்குள் இருக்கும் சுவிட்சுகள் பொறி விடும். வெளியே சட்டென்று தீப்பிடிக்கும் தின்னர் ஆவி. இரண்டும் சந்தித்தால் எல்லார் வீட்டிலும் ஒப்பாரிதான். அதனால் சிலிண்டரிலிருந்து நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக மெதுவாக உள்ளே விட்டு, பேனலை எப்போதும் லேசான அழுத்தத்திலேயே வைத்திருப்போம். ஆவி நுழைய இடம் இருக்காது. இதைப் பர்ஜ் என்போம். அழுத்தம் அளவுக்கு மேல் போனால் வெளியேற, பேனலின் தலையில் ஒரு ரிலீஃப் வென்ட் உண்டு. ஒரு குட்டிக் குழாய், அதன்மேல் தொப்பி மாதிரி ஸ்பிரிங் வைத்த மூடி, அவ்வளவுதான்.

மேனேஜர் வந்து பார்த்தார். "லீவுல யாரு டூட்டி?" என்றார்.

தேசிங்கு. அண்ணனூரிலிருந்து சைக்கிளில் வரும் ஆபரேட்டர்.

"ரெகுலேட்டரைத் திருகி விளையாடியிருக்கான். சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் பண்ணச் சொல்லுங்க."

"நான் கைய வெக்கவே இல்ல சார். கேட்டாண்டதான் குந்திகினு இருந்தேன். காலீல வந்து பாத்தா இப்டி உப்பிகினு கீது" என்று தேசிங்கு அழாத குறையாகச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாத்தே, நீயாவது சொல்லேன்" என்றான்.

சொல்ல எனக்கு என்ன தெரியும்? பேனலின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"சாயங்காலத்துக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிங்க. இல்லேன்னா இவன் நாளைக்கு வர வேண்டாம்" என்று மேனேஜர் போய்விட்டார்.

கதவைத் திறந்து கேஸை வெளியேற்றினேன். கதவு பழைய நிலைக்கு வந்தது. ஸ்டோரிலிருந்து புது ரெகுலேட்டர் வாங்கி மாட்டி, அழுத்தத்தை அளவாக செட் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முள் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது. கேஜ்தான் பொய் சொல்கிறதோ என்று அதையும் மாற்றினேன். புதுக் கேஜும் அதையே சொன்னது. கதவும் உப்பத் தொடங்கியது.

குழப்பம் என்னவென்றால், அந்தப் பேனலில் கெட்டுப்போன சாமான் என்று ஒன்றுமே இல்லை. பூஜைக்கு முன்னால் பெயின்ட் உரிந்து, கதவு ரப்பர் கிழிந்து தொங்கிய காலத்தில் அது ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. பூஜைக்காகப் புது ரப்பர் போட்டு, ஸ்பிரே பெயின்ட் அடித்து, மணப்பெண் மாதிரி நிறுத்தி வைத்தபின் இந்தக் கூத்து. எனக்கு அதன்மேல் கோபமே வந்துவிட்டது.

மதியம் தாண்டியது. வேறு வழி தோன்றாமல் ஸ்டூல் போட்டு ஏறிப் பேனலின் தலையைப் பார்த்தேன். வென்ட் மூடிக்கும் பச்சைப் பெயின்ட். அதன்மேல் பெரிய சந்தனப் பொட்டு, தாராளமாகக் குங்குமம். என்ன யோசனையில் இருந்தேனோ, காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்திச் சுரண்டினேன்.

'பட்' என்றது. அடுத்த நொடி 'புஸ்ஸ்' என்று கேஸ் கிளம்பி, குங்குமம் மொத்தமும் என் முகத்தில். ஸ்டூலோடு சேர்ந்து விழுந்து அலறினேன்.

ஓடி வந்த மேனேஜர், "என்னய்யா கோலம் இது?" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேஜைப் பார்த்தேன். முள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எந்த ரெகுலேட்டரும் முழுசாக அடைக்காது; சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கசியவிடும். முன்பு அது கிழிந்த ரப்பர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புது ரப்பர் அந்த வழியை அடைத்தது. மிச்சமிருந்த ஒரே வழியான வென்ட்டின் மூடியைப் பெயின்ட் ஒட்டவைத்துவிட்டிருந்தது.

'மூலை முடுக்கு விடாம அடிங்கய்யா' என்று பெயின்டருக்குப் பக்கத்தில் நின்று சொன்னவர் மேனேஜர். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. அவரே ஸ்டூலை நிமிர்த்தி ஏறி வென்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ஆர்டர் டைப் ஆயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சு சார்" என்றேன்.

"கிழிச்சுப் போடச் சொல்லுங்க."

தேசிங்கு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கண்ணில் குங்குமம் எரிந்தது.

நான் கற்றது இதுதான்: அழுத்தம் ஏறினால், கேஸ் வரும் வழியை நோண்டுவதற்கு முன் அது போகும் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாமானைப் புதுசாக்கினால் அன்றைக்கே இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்த வருஷப் பூஜை. தின்னர் இருக்கும் இடம் என்பதால் கற்பூரம் கேட்டுக்கு வெளியேதான். மேனேஜர் தட்டோடு தயாராக நின்றார். தேசிங்கு வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்டூல்மேல் நின்று வென்ட் மூடியை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'புஸ்' என்று சத்தம் வந்தபிறகே இறங்கி, கதவில் மட்டும் பொட்டு வைத்தான்.

கேட்டுக்கு வந்து மேனேஜரிடம் சொன்னான்: "நல்லா மூச்சு உடுது சார். இப்போ கொளுத்துங்க."