முழங்காலில் ஒரு தட்டு

என் மகளுக்குக் கண்ணும் மங்கல், காதும் மந்தம். அப்போது ஆறு வயது. நீடாமங்கலத்தில் எங்கே போனாலும் அவளை வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொள்வேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் அவள் முழங்காலில் ஒரு தட்டு. தட்டாவிட்டால் பஸ் உரசிக்கொண்டு போகும்போது பயந்து துள்ளிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான், குக்கர் விசில் அடித்தால்கூடத் தட்டுவேன். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தால் இரண்டு தட்டு. உடனே இறங்கிக் கால் நனைக்க வேண்டும் என்று அடம் பிடிப்பாள். குறுவைக்குத் தண்ணீர் வந்த வாரங்களில் நான் ஒருநாளும் நேரத்துக்கு வேலைக்குப் போனதில்லை. என் வாழ்க்கையில் உருப்படியாகக் கழித்த நேரம் அதுதான்.

கண், காது இரண்டும் சேர்ந்து குறைந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனி டீச்சர் வீட்டுக்கே வருவார் என்றார்கள். அதற்குச் சான்று வேண்டும். தஞ்சாவூரில் முகாம். ஒரு மேசையில் கண், இன்னொரு மேசையில் காது. பிள்ளை ஒன்றுதான், அவர்கள் இரண்டு துண்டாக்கிப் பார்த்தார்கள். மனைவி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். காது மேசையில் இருந்த பெண், கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று மகளுக்கு மணியைக் கிட்டத்தில் அடித்துச் செய்து காட்டினார். பிறகு பின்னால் போய் நின்று அடித்தார். மகள் என் மடியில் இருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் கையைத் தூக்கினாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சொல்லவே வெட்கம்.

காது கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள். கண் குறை மட்டும் போதாதாம், தகுதி இல்லையாம். மேசையைத் தட்டிக் கத்தினேன். எழுதியவர் தலையை நிமிர்த்தவில்லை, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் மறுபடி என் மடியில். டிரைவர் ஹாரன் அடித்தார். மகள் கையைத் தூக்கினாள். இன்னொரு ஹாரன், மறுபடியும் கை. மனைவி அவளைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தாள்.

"நீங்கதான் தட்டுறீங்க" என்றாள். "அங்கயும் தட்டியிருப்பீங்க."

குனிந்து பார்த்தேன், என் விரல் அவள் முழங்காலில்தான் இருந்தது.

மறு பரிசோதனைக்கு மனு போட்டேன். தப்பு என்னுடையது என்று அதில் எழுதினேன். கூப்பிட மாசக்கணக்கில் ஆனது. இந்தத் தடவை நானே வெளியே நின்றுகொண்டேன். ஜன்னல் வழியாக மணிச்சத்தம் நன்றாகக் கேட்டது. மகள் கையைத் தூக்கவில்லை. தன் முழங்காலைத் தடவித் தடவி என் கையைத் தேடினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதற்குத்தான் சான்று கிடைத்தது.

டீச்சர் வந்தார். வீட்டில் பிள்ளையிடம் எப்படிப் பேசுவீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். தட்டுவோம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் கையை நீட்டி, "எப்படின்னு தட்டிக் காட்டுங்க சார்" என்றார். அதிலிருந்துதான் தொடங்கினார். உள்ளங்கையில் எழுத்து, பிறகு சொல்.

அந்த இரண்டு மேசைகள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். என் விரல்மேலும்.

மகள் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இந்த வருஷமும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தனியாகத்தான் போனேன். என்னை அறியாமலே வெறும் டேங்கில் இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறேன். வண்டியை நிறுத்தினேன். கால் நனைக்கவில்லை. லீவுக்கு அவள் வரட்டும்.