ஃபுரானோ போகும் வழியில் பனிக்காற்று

சிங்கப்பூரில், பிடோக்கிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு டாக்சியில் போகும்போது என் கணவர் குமரன் கேட்டார்: "பனியில ஓட்டிடுவியா, சுதா?" அவர் கார் ஓட்டமாட்டார். ஜப்பானின் வடகோடித் தீவில், ஃபுரானோ என்ற ஊரில் வேலை பார்க்கும் மகள் கயலைப் பார்க்கப் போகிறோம். "ஓட்டிடலாம் லா" என்றேன். பனியில் ஒருநாளும் ஓட்டியதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சப்போரோ விமான நிலையத்தருகே காரை எடுத்தோம். வாடகை நாளுக்குத் தொண்ணூறு சிங்கப்பூர் வெள்ளி. பனிக்கால டயர் ஏற்கெனவே மாட்டியிருந்தது. வாடகைக் கடைப் பெண் பின்பக்கத்தில் சிறு மண்வெட்டி இருப்பதைக் காட்டிவிட்டு, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்: "டேங்க்கை எப்போதும் நிரப்பி வையுங்கள். பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். பனியில் சிக்கினால் இன்ஜினை நிறுத்துங்கள். புகைக்குழாய் மூடிக்கொண்டால் விஷப்புகை காருக்குள் வரும்."

ஃபுரானோ சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். ஜப்பானிலும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் முதல் பாதி சுலபமாகப் போனது. பதினொன்றரைக்கு மலைப்பாதையில் காற்று கிளம்பியது. சாலை, வானம், முன்னால் போன லாரி எல்லாம் வெள்ளையில் மறைந்தன. வேகத்தைக் குறைத்தும் கார் வழுக்கி, இடப்பக்கப் பனிக்குவியலில் பொத்தென்று செருகி நின்றது.

இருவருக்கும் அடியில்லை. அபாய விளக்கைப் போட்டு இன்ஜினை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்திலேயே குமரனுக்குப் பல் கிடுகிடுத்தது. "ஹீட்டரைப் போடு சுதா, தாங்கல."

"முதல்ல குழாயைப் பார்க்கணுங்க."

அவரே மண்வெட்டியோடு இறங்கினார். காரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், குழாயைச் சுற்றியிருந்த பனியை வாரிப் போட்டார். ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்து, இன்ஜினைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டோம். பனி குழாயை மறுபடி மூட மூட, இன்ஜினை நிறுத்தி, மாறி மாறி இறங்கித் தோண்டினோம். கயலுக்கு அழைத்தால் இணைப்பு கிடைக்கவில்லை.

ஒரு மணிக்கு ஆரஞ்சு விளக்கு சுழலப் பனி அள்ளும் வண்டி வந்தது. ஓட்டுநர் ஐம்பது வயதுப் பெண்மணி. கயிறு கட்டி எங்களை இழுத்துவிட்டு, தம் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் ஏதோ பேசி நீட்டினார். திரையில் ஆங்கிலத்தில் வந்தது: "என் பின்னாலேயே வாருங்கள். அவசரம் வேண்டாம்." அந்த விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஊர் எல்லைவரை போனேன்.

வீட்டு வாசலில் கயல் என்னைக் கட்டிக்கொண்டாள். "ஏம்மா இவ்வளவு நேரம்? எத்தனை தடவை கூப்பிட்டேன்!" அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான்கு நாள் கழித்து அதே பாதையில் திரும்பினோம். நல்ல வெயில். இருந்தும் நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் ஏழெட்டு கார்கள் வரிசையாக, பொறுமையாக வந்தன. நம் விரைவுச்சாலையில் இப்படி ஊர்ந்தால் ஹார்ன் காதைப் பிளந்திருக்கும். இங்கே ஒருவரும் அடிக்கவில்லை. குமரன் பக்கத்து இருக்கையில் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.