துணைக்கு ஆள் வேண்டாத கப்பல்

கப்பலின் தள வரைபடம் ஒன்று எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து வெகுநாள் ஒட்டியிருந்தது. கட்டம் கட்டமாக அறைகள். மேல்தளத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் அத்தை சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். தண்ணீர் எடுக்கப் போகிற எவரும் அந்த வட்டத்தைப் பார்த்து ஏதாவது ஒரு கிண்டல் செய்யாமல் நகர்ந்ததில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு, யாரையும் தனியாகப் படுக்க விடமாட்டோம். பிள்ளை பெற்றவள், கணவனை இழந்தவள், புருஷன் வெளியூர் போனவள், யாராக இருந்தாலும் துணைக்கு ஓர் ஆளை அனுப்பிவிடுவார்கள். டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் சிறுமியாக இருந்த நாளிலிருந்து அந்த ஆள் எங்கள் அத்தைதான். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். பிறகு எங்கள் வீட்டில், அண்ணன் மகளான என்னோடு ஒரே அறையில். அவருக்கென்று ஓர் அறை இருந்ததே இல்லை என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஓய்வு பெற்றதும் மேகோங் ஆற்றில் கப்பலில் போகப்போவதாகச் சொன்னார். மலாக்கா டவுனில் ஒரு பயண ஏஜென்சிக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் நீச்சல்குளமும் பாட்டுக் கச்சேரியும் உள்ள பெரிய கப்பலைக் காட்டி, "இன்னொரு லேடியோட ரூம் ஷேர் பண்ணிக்கிட்டா மலிவு ஆண்ட்டி" என்றாள். அத்தை அந்தத் தாளை மெல்லத் தள்ளி வைத்தார். குளமும் கச்சேரியும் இல்லாத ஒரு சின்னக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஒற்றை ஆளுக்கான அறைகள் இருந்தன. இஞ்சின் சத்தம் எந்த அறைவரை கேட்கும், ஜன்னல் திறக்குமா, எந்தப் பக்கம் இருந்தால் கரை நன்றாகத் தெரியும் என்று அடேயப்பா, துருவித் துருவிக் கேட்டார். கடைசியாக, "கதவுக்கு உள்ளுக்குத் தாப்பா இருக்குல்ல?" என்றார்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏஜென்சிக்குப் போன் போட்டு, இரண்டு கட்டில் அறையாக மாற்றி, துணைக்கு என்னையும் சேர்த்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் பரிசு கொடுப்பவர்போல் அதை அறிவித்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அத்தை சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நான் தனியா போறேண்ணே. பழைய ரூமே போதும்."

"தனியா எப்படிலா படுப்ப? அங்க யாரு இருக்கா உனக்கு?"

"யாரும் இல்லாம இருக்கத்தாண்ணே போறேன்."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "நாங்க அவ்வளவு பாரமா போயிட்டோமா?" என்று எழுந்து போனவர், அதன்பின் அத்தையோடு பேசவே இல்லை. அத்தை அழுதார், ஆனால் பின்வாங்கவில்லை. அவரே பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பழைய அறையை மீட்டுக்கொண்டு வந்தார். "என் குறட்டைதானே காரணம்?" என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன். "அதுவும்தான்" என்றார் அத்தை. புறப்படும் நாளில் அப்பா வாயே திறக்காமல் விமான நிலையம்வரை காரோட்டினார். ஆனால் அத்தையின் பெட்டியில் நெத்திலிச் சம்பல் பாட்டிலைத் திணித்தது அவர்தான்.

திரும்பி வந்ததும் எல்லாரும் அத்தையின் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். படகுகள், கோயில்கள், காய்கறிப் படகுகளோடு தண்ணீரில் மிதக்கும் பாசார்ச் சந்தை. அவற்றுக்கு நடுவே, கட்டிலில் இருந்தபடி எடுத்த சாத்திய கதவு ஒன்று.

"இது என்னா, வெறுங்கதவ எடுத்து வச்சிருக்க?" என்று அப்பா முதன்முதலாகப் பேசினார்.

"என் கதவுண்ணே. நானே சாத்தினேன். நானே தொறந்தேன்."

அப்பா போனை வாங்கி, அந்தக் கதவின் தாழ்ப்பாளை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

அந்த வரைபடம் இன்று ஐஸ்பெட்டியில் இல்லை. பழைய சைக்கிளும் தீபாவளி அண்டாக்களும் அடைந்துகிடந்த பின்பக்கத்து ஸ்டோரை அப்பா ஒழித்து, சாயமடித்து, கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தார். அந்தக் கதவில்தான் இப்போது அது இருக்கிறது, சிவப்பு வட்டத்தோடு. எங்கள் வீட்டில் கதவைத் தட்டிவிட்டு நுழையும் பழக்கம் எவருக்கும் கிடையாது, அப்பாவுக்குச் சுத்தமாகக் கிடையாது. இப்போது சாயங்காலம் தேத்தண்ணியோடு அங்கே நின்று தட்டுகிறார்.

"தங்கச்சி, வரலாமா?"

சில நாள், "இப்ப வேணாண்ணே" என்று பதில் வருகிறது. அப்பா கோப்பையைக் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.