இரண்டாவது இறுக்கு

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் அப்துல் வஹாபுக்கு எதற்கெடுத்தாலும் கடல்காற்றுதான் குற்றவாளி. ஜேக்கப்பின் டாக்ஸி மூன்று நாளாக விட்டு விட்டு ஓடி மிஸ்ஸிங் அடித்ததற்கும் அதன் தலையில்தான் பழியைப் போட்டார். பிளக்கைத் துடைத்தார், வயரை மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றி ஊதி ஊதி வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம். வண்டியோ இருமல் பிடித்த கிழவர் மாதிரி லொக்கு லொக்கென்றது.

"இன்னா பாய், நாளைக்குக் காலையில மோட்டார் இன்ஸ்பெக்டர் முன்னால வண்டி நிக்கணும். இப்பிடியே போனா பர்மிட்டைப் புடுங்கிக்குவாரு. என் பொழப்பே அதுலதான் கீது," என்றார் ஜேக்கப். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகாமல் காலையிலிருந்து அங்கேயே நின்றிருந்தார்.

"தெரியும்யா. சும்மா சும்மா சொல்லிப் பேஜாரு பண்ணாதே," என்று எரிந்து விழுந்தார் வஹாப்.

எரிச்சல் ஜேக்கப் மேல் இல்லை. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்காக ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு அணைத்துப் பார்த்திருந்தார். ஒன்றையும் நாலையும் அணைத்தால் சத்தம் தொய்ந்தது. இரண்டையும் மூன்றையும் அணைத்தால் ஒரு மாற்றமும் இல்லை. அவை ஏற்கெனவே செத்துக் கிடந்தன. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து செத்தால் என்ன அர்த்தம் என்று, யுத்தத்தின்போது ஆவடியில் ராணுவ லாரிகளைப் பிரித்து மாட்டிய ஆளுக்குத் தெரியாதா? இரண்டுக்கும் நடுவில், இன்ஜின் மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் தகடு எரிந்திருக்கிறது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் அந்தக் கேஸ்கட்டை மாட்டியவர் அவரேதான். வஹாப் பாய் மாட்டியது திரும்பி வராது என்று பேசின் பிரிட்ஜ் வரைக்கும் பேர். அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் மற்ற எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். எரிந்த இடத்து வழியாகப் புகை புகுந்து தண்ணீரில் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. இதற்குமேல் கடலைத் திட்ட வழியில்லை. இன்ஜின் ஆறியதும் ஸ்பானரை ஹெட் நட்டில் மாட்டி இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்து இழுக்கப் போனார். ஒற்றைக் கைக்கே சுழன்று வந்தது. அடுத்ததும் அப்படியே.

காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும். புதுக் கேஸ்கட் மாட்டினால் வண்டியைச் சூடாக்கிவிட்டு எல்லா நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை இன்ஜின் சூடாகிக்கொண்டிருந்தபோது ஜும்மா பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வந்து இறுக்கலாமென்று போனார். திரும்பி வந்தால் வண்டி இல்லை. ஹார்பரில் கப்பல் வந்திருக்கிறதென்று ஜேக்கப் சவாரிக்கு எடுத்துப் போய்விட்டார். அப்புறம் தினமும் அந்த வண்டி கொட்டகையைத் தாண்டிப் போயிற்று. ஜேக்கப் கையசைப்பார், இவரும் அசைப்பார். கூப்பிட்டு நிறுத்தினால் வேலை அரைகுறை என்பது தெரிந்துபோகுமே என்ற வெட்கம்.

"பாய்," என்றார் ஜேக்கப். "நான்தான் கெடுத்துட்டேன். போன வாரம் எண்ணூருக்கு ஏழு பேரை ஏத்திக்கினு போனேன். வண்டி கொதிச்சுது. நீ திட்டுவேன்னு பயந்து சொல்லலை."

தப்பிக்க நல்ல வழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்படித் தோன்றியதே வஹாபுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீ இல்ல நைனா. ரெண்டாவது தபா இறுக்காம வுட்டது நானு. தெரிஞ்சும் சொல்லாம கெடந்தேன்."

ஜேக்கப் தளர்ந்து கிடந்த நட்டை விரலால் சுழற்றிப் பார்த்தார். "அதுக்கா மூணு நாளா கடலைத் திட்டிக்கினு இருந்தே?" என்றார். சிரிக்கவில்லை.

புதுக் கேஸ்கட் வாங்க ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? கொட்டகைக்குப் பின்னால் இதே மாதிரி வண்டி ஒன்று சக்கரமில்லாமல் நின்றது. சொந்த டாக்ஸி ஓட்டும் ஆசையில் நாலு வருஷமாக ஒவ்வொரு சாமானாக வஹாப் அதற்குச் சேர்த்துவந்தார். அதற்கென்று வாங்கிய கேஸ்கட்டைக் காகிதம் பிரித்து எடுத்துவந்து ஜேக்கப்பின் இன்ஜினில் மாட்டினார். பொழுது சாயும் வேளையில் நாலு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. இன்ஜின் நன்றாகச் சூடேறிய சமயம் மாலைத் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு கேட்டது. வஹாப் ஸ்பானரைப் பிடித்தபடி தயங்கினார்.

ஜேக்கப் இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவி, வஹாபின் சட்டைப் பையில் போட்டார்.

"நீ போய்த் தொழுதுட்டு வா பாய். நீ வந்து இறுக்கற வரைக்கும் வண்டி இங்கிருந்து நவுராது."