குட்டைக் கரண்டு

நல்லசாமி கெட்டவரில்லை. வாய்தான் கெட்டது. மலேசியாவில் பகாவ் டவுன் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். லோரி ஓட்டிச் சம்பாதித்ததில் பாதியைக் கோயில் கூரைக்கே கொட்டினார். அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை, அது வேறு விஷயம்.

இந்த வருஷம் கோயிலின் பழைய ஜெனரேட்டர் படுத்துவிட்டது. புது டீசல் ஜெனரேட்டரா, சோலாரா, தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக் கரண்டா என்று கூட்டம் போட்டோம். சோலார் போட்டால் வெயிலுக்காக அரசமரத்தை வெட்ட வேண்டும். யாருக்கும் மனசு வரவில்லை. ஆலைக் கரண்டைச் சும்மாவே தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஆலையின் கழிவுத் தண்ணீர்க் குட்டையைப் பிளாஸ்டிக் பாய் போட்டு மூடி, அதில் கிளம்பும் கேஸை எரித்து எடுக்கிற கரண்டு அது. நாங்கள் தொழிலாளிகள் இருக்கிற லயத்து வீடுகளில் எல்லாம் அதுதான். அட, நல்லசாமி வீட்டு டிவியே அதில்தான் ஓடுகிறது!

ஆனாலும் மனுஷன் எழுந்தார். "வீட்டுக்குச் சரிலா. சாமிக்கு ஆகுமா? நாத்தம் புடிச்ச குட்டைல வர்றது கோயிலுக்குள்ள வந்தா தீட்டு. டீசலே வாங்குவோம்."

பின்னால் அவர் தங்கச்சி பஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். அந்தக் குட்டையில்தான் அவளுக்கு வேலை. சேறு வாருவதும் குழாய் அடைப்பு எடுப்பதும் அவள்தான். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் வாடை கொஞ்சம் மிஞ்சும். கூட்டம் டீசலுக்குக் கை தூக்கியது. அவள் எழுந்து போனாள்.

ஆடித் திருவிழா வந்தது. எங்கள் கோயிலில் தலைவர் வீட்டுப் பெண்ணின் பால்குடம்தான் முதலில் அம்மனுக்கு. நல்லசாமி பெண்டாட்டி செத்ததிலிருந்து அந்தக் குடம் பஞ்சாலைக்கு. மஞ்சள் சேலையில் வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

"ஏம்மா நிக்கிற? நேரமாவுது, உள்ள வா."

"அந்தக் குட்டைல வர்ற கரண்டே கூடாதுன்னியேண்ணே. நான் அந்தச் சேத்துலயே நிக்கிறவ. நான் எப்படி வர்றது?"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"கரண்டத்தாம்மா சொன்னேன். உன்னையா சொன்னேன்?"

"தெரியும்ணே" என்றவள், கூட வந்த பக்கத்து வீட்டு விமலா தலைக்குக் குடத்தை மாற்றிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அன்றைக்கு அன்னதானத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "வேத்து ஆளு சொன்னாக்கூட தங்கச்சி பொறுத்துக்கும். கூடப் பொறந்தவன், நானே சொல்லிட்டேனே. நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு" என்று என்னிடம் அழுதார். சொன்னது சொன்னதுதானே.

ஆலைக் கரண்டே வேண்டும் என்று மேனேஜரிடம் அவரே போய்க் கேட்டார். ஆலை வயருக்குப் பள்ளம் வெட்டும்போது மண்வெட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கரண்டு வந்த அன்று தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வந்திருச்சிம்மா. நீதான் வந்து சுவிட்சு போடணும்."

பஞ்சாலை அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். "கரண்டுக்குத் தீட்டு கழிஞ்சிருச்சி. நீயே போடுண்ணே."

இப்போது கோயில் விளக்கு, ஃபேன், மைக் எல்லாம் குட்டைக் கரண்டில்தான். பஞ்சாலை வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி பகாவ் டவுன் கோயிலுக்குப் போகிறாள். பஸ் நிற்பது எங்கள் கோயில் வாசலுக்கு நேர் எதிரே. அவள் அங்கே நிற்கும்வரை நல்லசாமி வெளியே வருவதில்லை.