ஒரே பெட்டி ஊசி

அழுகிற பிள்ளைக்கு ஊசி போடுவது சுலபம். ஊசி போட்டும் ஏன் வளரவில்லை என்று பெற்றவள் கேட்டால் பதில் சொல்வதுதான் கஷ்டம். தோட்டத்தில் டிரெசராக இருந்து மருந்து கொடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பென்சில் கோடு

எண்பதுகளின் கடைசி. கேமரன் மலைத் தோட்டமொன்றில் எனக்கு முதல் வேலை. கோலாலம்பூர் டாக்டர் இரண்டு பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஊசி எழுதியிருந்தார். ஒன்று தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மகன் சேகர். மற்றது மூன்றாம் லயத்துத் தொழிலாளி வீட்டு அமுதா. ஒன்பது வயதில் ஐந்து வயதுப் பிள்ளை போல இருப்பாள். முதல் நாள் அவள் அம்மா மாரியாயி அக்கா, மருந்தகக் கதவு நிலையில் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே கோடு போட்டுவிட்டுச் சொன்னது: "இதைத் தாண்டிட்டா போதும் தம்பி, ஸ்கூல்ல எவனும் பாப்பான்னு கூப்பிட மாட்டான்."

பச்சைத்தண்ணி

மருந்து தூளாக வரும். கூடவே வரும் குப்பித் தண்ணீரை இழுத்துக் கலக்கிப் போட வேண்டும். ஒரே பெட்டி, ஒரே கை. ஆறு மாதத்தில் சேகர் மூன்று விரல் ஏறிவிட்டான்; அமுதா அரை விரல்கூட இல்லை. நான் தண்ணீர் இழுப்பதை ஜன்னல் வழியே யாரோ பார்த்திருக்கிறார்கள். இலை நிறுக்கும் இடத்தில் ஒரு பெரியம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னது: "கிராணி மவனுக்கு மருந்து, நம்ம பிள்ளைக்குப் பச்சைத்தண்ணி. டிரெசருக்கு ஆள் பார்த்து ஊத்தத் தெரியும் லா."

கவ்வாத்து

அதன்பிறகு மாரியாயி அக்காவின் கண்ணெதிரேதான் கலந்தேன். அமுதா ஊசிக்கு அழுததே இல்லை. அளக்கும்போது மட்டும் குதிகாலை மெல்லத் தூக்குவாள். கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, தோளை அமுக்குவேன். ஒருநாள், செடி வெட்டக் கத்தியோடு போனவர்களை ஜன்னலில் பார்த்தபடி கேட்டாள்: "தேயிலை குட்டையா இருக்கக் கவ்வாத்து பண்றாங்க. எனக்கு யாரு அண்ணே பண்ணா?"

சொந்தம்

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்வது என் தலையில் விழுந்தது. சேகர் உடம்பில் வளர்ச்சிச் சுரப்பு குறைவு, ஊசி நிரப்பியது. அமுதாவுக்கோ அது ஏற்கெனவே ஏராளம். ஏற்றுக்கொள்ளத்தான் அவள் உடம்புக்குப் பிறவியிலேயே வழியில்லை. எத்தனை ஊசி போட்டாலும் அதேதான். தங்களுக்குள் மறைந்திருந்த ஒரே குறையை அப்பாவும் அம்மாவும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்திருக்கிறார்கள். மாரியாயி அக்கா கட்டியது சொந்தத் தாய்மாமனை. ஊசியை அன்றே நிறுத்தினார்கள். தாய்மாமனும் புருஷனுமான வீரையா அண்ணன் வெளியே வந்து, தொப்பியை மடித்துக்கொண்டே சொன்னது: "சொந்தம் விட்டுப் போகக்கூடாதுன்னு கட்டி வச்சாங்க. விட்டுப் போகல தம்பி."

பழி

இலை நிறுக்கும் இடத்தில் எல்லாரும் இருக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். சிலர் அதற்குள் காய்ச்சலுக்குக்கூடப் பிள்ளைகளை என்னிடம் கொண்டுவராமல், லோரி பிடித்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சொல்வதற்குள் மாரியாயி அக்கா மருந்தகத்துக்கே வந்துவிட்டார். மூத்த மகளைப் பெண் கேட்டு பிரிஞ்சாங்கிலிருந்து ஆள் வந்திருந்தது. கதவு நிலைக் கோட்டை முந்தானையால் அழித்துக்கொண்டே அவர் சொன்னது: "எங்க ரத்தத்துலதான் கோளாறுன்னு தெரிஞ்சா பெரியவளை எவன் கட்டுவான்? நீங்க தண்ணி ஊசி போட்டதாவே இருக்கட்டும் தம்பி."

அந்தத் தோட்டத்தில் நான் கொடுத்த மருந்துகளில், அந்தக் குடும்பத்துக்கு உடனே வேலை செய்தது என் கெட்ட பெயர் ஒன்றுதான்.