எர்த் தகடும் ஒரு செய்வினையும்

ஒயர்மேன் வேலையில் விளக்கு எரிந்தால் புகழ் கரண்ட் கம்பெனிக்கு, எரியாவிட்டால் ஏச்சு நமக்கு. ரங்கூனில் ஏணியைத் தோளில் போட்டு அலைந்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

மூன்றாவது ஓட்டை

துறைமுக ஆபீஸ் கிளார்க் சதாசிவம் ரங்கூன் கெமண்டைன் பேட்டையில் ஒரு பழைய தேக்கு வீட்டை வாங்க இருந்தார். கரி இஸ்திரிப்பெட்டியின் பொறி பட்டு அவருடைய வெள்ளைக் கோட்டெல்லாம் பொத்தல். மின்சார இஸ்திரிப்பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அவர் மனைவி பார்வதியம்மாளுக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. வாங்குமுன் ஒயரிங்கைப் பார்த்துச் சொல்லச் சதாசிவம் என்னை அழைத்துப் போனார்.

சுவரில் மூன்று ஓட்டைப் பிளக்கு பளபளவென்று இருந்தது. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை. பெட்டிக்குள் கோளாறு வந்தால் கரண்டை மண்ணுக்குள் இறக்கி ஆளைக் காப்பாற்றுவது அந்தக் கம்பிதான். வீட்டை விற்கும் பர்மாக்காரர் ஊ போ சான் தமிழ் நன்றாகப் பேசுவார். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

"ரெண்டு வேலை செய்யுது, ஒண்ணு சும்மா இருக்கு. மூணு பிள்ளை பெத்த வீட்டுலயும் அப்படித்தானே, மேஸ்திரி?"

கைதேர்ந்த ஆள்

வீடு கைமாறியதும் கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டி, செம்புத் தகட்டில் கம்பியை முடுக்கி, ஈரம் நிற்கக் கரியும் உப்பும் கொட்டிப் புதைத்தேன். சதாசிவத்திடம் எல்லாம் விளக்கினேன். அம்மாள் அப்போது ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே ஊரில் தங்கை வீட்டில்.

திரும்பி வந்தவர், தென்னங்கன்று வைக்க அதே இடத்தில் ஆளை விட்டுத் தோண்டியிருக்கிறார். செம்புத் தகடு, கரி, உப்பு! செய்வினை என்றில்லாமல் நம் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்? சதாசிவம் ஆபீசில் இருக்க, அம்மாள் ஆளனுப்பிய கோயில் பூசாரி ஓடி வந்து கம்பியை வெட்டித் தகட்டை ஆற்றில் போட்டுவிட்டார். போகும்போது சொன்னாராம்:

"வச்சவன் லேசுப்பட்டவன் இல்லம்மா. வீட்டுக்குள்ள வரைக்கும் கம்பி இழுத்திருக்கான்!"

ஒரு வார்த்தை

அன்று மத்தியானமே இஸ்திரிப்பெட்டிக்குள் ஒயர் தேய்ந்து இரும்பைத் தொட்டுவிட்டது. அம்மாளின் விரல் பட்டதுதான் தாமதம், தூக்கி எறிந்தது. காலடியில் காய்ந்த தேக்குப் பலகை இருந்ததால் உயிர் பிழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வெளிறிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தகடு வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். வீட்டில் இருக்கும் அம்மாளை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறவரிடம் விளக்கம் சொன்ன மடையன் நான்.

பெட்டியைப் பழுது பார்த்து, வேறு தகடு புதைத்தேன். அம்மாள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். கோடையில் மண் காயவிடக் கூடாது என்றதும், தென்னங்கன்றைச் சற்றுத் தள்ளி நட்டார். கன்றுக்கு ஊற்றும்போது தகட்டுக்கும் ஒரு குடம் ஆயிற்று.

"தண்ணிய நான் பார்த்துக்கிறேன். ஆனா அண்ணே, இனிமே எந்த வீட்டுக்குச் செய்வினை வச்சாலும், அந்த வீட்டுப் பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வையுங்க!"

அதற்குப் பிறகு பழைய வீடு வாங்குகிறவர் யார் கூப்பிட்டாலும், மண்வெட்டியைத் தொடுமுன் நான் எட்டிப் பார்ப்பது அடுப்படியைத்தான்.